சுவரில் மாட்டிய சுளகு: போஹோ இல்லங்களில் பொருள்களின் பணி ஓய்வு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ‘மாடர்ன் போஹோ’ எனப்படும் அலங்கார முறை பரவி வருகிறது. இம்முறையின் தலையாய இலக்கணம் சாவகாசம் என்று அதன் ஆதரவாளர்கள் ஒருமனதாகக் கூறுகின்றனர். ஆனால் அவ்வீடுகளில் சாவகாசமாக இருப்பது யார் என்ற கேள்வி முறைப்படி எழுப்பப்படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அதை எழுப்பி, விடையும் தருகிறது: மனிதர்கள் அல்லர், பொருள்கள்.

1. வரையறை

வெள்ளை அல்லது மோர் நிறச் சுவர். தரையை ஒட்டிய மர இருக்கை. ஒன்றுக்கொன்று பொருந்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்திய திண்டுகள். சணல் விரிப்பு, அதன்மேல் இன்னொரு விரிப்பு. பிரம்பு விளக்குக் கூடு. நூலில் முடிச்சுப் போட்ட மக்ரமே தொங்கல். அகன்ற இலைச் செடிகள். செங்கல் நிறம், கடுகு நிறம். படிக்கப் போதாத மஞ்சள் வெளிச்சம். இவை சேர்ந்த இடம் மாடர்ன் போஹோ இல்லம் எனப்படும். இவற்றில் எதுவுமே திட்டமிட்டு வைத்ததாகத் தெரியக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

பழைய போஹோவில் பொருள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். மாடர்ன் போஹோவில் அதே பொருள்கள் இடைவெளி விட்டுக் கிடக்கும். சதுர அடிக் கணக்கில் வீடு விற்கும் ஊரில் இடைவெளியே மிக விலை உயர்ந்த அலங்காரப் பொருள் என்பதை ஆய்வுலகம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

2. வரலாறு

இம்முறையின் மூலவர்கள் ‘பொஹீமியர்’ எனப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் ஏழைக் கலைஞர்கள். வாடகை கொடுக்க முடியாத கவிஞர்களையும் ஓவியர்களையும் பற்றி ஆன்ரி முர்ஜே எழுதிய கதைகள் 1851இல் நூலாக வந்தன. அதைத் தழுவி இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி படைத்த ‘லா போஎம்’ இசை நாடகம் 1896இல் தூரின் நகரில் அரங்கேறியது.

அதன் முதல் அங்கத்தை அலங்காரவியல் நோக்கில் மறுவாசிப்புச் செய்வது இன்றியமையாதது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மாடி அறை, கடுங்குளிர், அடுப்பில் விறகு இல்லை. ஓவியன் மார்செல்லோ நாற்காலியை எரித்துவிடலாம் என்கிறான். கவிஞன் ரொதோல்ஃபோ தடுக்கிறான். தான் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் படியை அடுப்பில் போடுகிறான். நம் மரபில் இதைப் போகி என்போம். இலக்கியம் சாம்பலாயிற்று, நாற்காலி பிழைத்தது. போஹோ அலங்காரம் பிறந்தது இக்கணத்தில்தான் என்பது எமது துணிபு. இன்றும் அவ்வகை வீடுகளில் நாற்காலிக்குத் தனி இடம் உண்டு. புத்தகங்களோ முதுகு நிறம் பார்த்து அடுக்கப்படுகின்றன.

1916 முதல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீட்டில் குடியிருந்த ஓவியர்கள் வனெஸ்ஸா பெல்லும் டங்கன் கிராண்டும் கதவு, கணப்பு, மேசை என்று கையில் அகப்பட்டதில் எல்லாம் ஓவியம் தீட்டினர். 1960களிலும் 70களிலும் தரை வழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பிகள் கைத்தறித் துணியும் ஊதுவத்தியும் பித்தளை மணியும் வாங்கிப் போனார்கள். அவையெல்லாம் இப்போது இணையக் கடை வழியே ஊர் திரும்புகின்றன. போனபோது இருந்த விலையில் அல்ல.

3. ஆய்வு முறை

பங்கேற்பு நோக்கல் முறை கையாளப்பட்டது. அதாவது உறவினர், நண்பர் வீடுகளுக்கு ஆய்வாளர் முன்னறிவிப்புடன் சென்று, கொடுத்த காப்பியைக் குடித்து, சுற்றுமுற்றும் பார்த்தார். ஆய்வு நெறிமுறைப்படி வெறுங்கையோடு போகவில்லை; பழம் வாங்கிப் போனார். அந்தப் பழம் எந்த வீட்டிலும் சாப்பாட்டு மேசைக்குப் போகவில்லை, ஒரு மரத் தட்டில் அடுக்கப்பட்டுக் காட்சிக்குப் போயிற்று என்பதே ஆய்வின் முதல் தரவு.

4. பணி ஓய்வுக் கோட்பாடு

போஹோ இல்லம் என்பது வீட்டுச் சாமான்களின் ஓய்வூதியத் திட்டம். அங்குள்ள பொருள்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் வேலை பார்த்தவை; இப்போது பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற முறையைக் கொண்டு அவற்றை ஐந்தாக வகைப்படுத்தலாம்.

அ) வயது முதிர்வு ஓய்வு. சுளகு சுவரில் தொங்குகிறது. டிரங்குப் பெட்டி காப்பி மேசையாகிவிட்டது. தையல் மெஷினின் இரும்புக் கால் மேல் கண்ணாடிப் பலகை ஏறியிருக்கிறது. மிதி இன்னும் ஆடுகிறது, தைப்பதற்குத்தான் எதுவுமில்லை. கல்யாணத்துக்குச் சோறு வடித்த பித்தளை அண்டாவில் ரப்பர் செடி நிற்கிறது. இவ்வகையினரைப் பெருமளவில் காண விழைவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செல்லலாம். செட்டிநாட்டு வீடுகளில் பணிபுரிந்த எனாமல் தூக்குகளும் மரத் தூண்களும் அடுத்த வீட்டில் சும்மா இருக்கும் வாய்ப்புக்காக அங்கே வரிசையில் நிற்கின்றன.

ஆ) கட்டாய ஓய்வு. இதற்குத் தக்க சான்று பிரம்பு. தமிழகப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக அது ஆற்றிய தொண்டை விவரிக்கத் தேவையில்லை. வாசகர் உள்ளங்கையே அறியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் மாணவரை அடிப்பதைத் தடை செய்தது. வேலையிழந்த பிரம்பு வளைந்து கொடுத்து விளக்குக் கூடாகவும், ஊஞ்சலாகவும், மயில் தோகை நாற்காலியாகவும் வரவேற்பறையில் குடியேறியது. இந்த மயில் தோகை நாற்காலிக்கு ஒரு துணைச் செய்தி உண்டு. உலகெங்கும் சாவகாசத்தின் சின்னமாகப் படம் பிடிக்கப்படும் அதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணிலாவின் பிலிபித் சிறைக் கைதிகள் முடைந்து விற்பனைக்குத் தந்தனர். சாய்ந்து உட்காரும் சுகத்தை உலகுக்கு அளித்தவர்கள் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள்.

இ) விருப்ப ஓய்வு. மணி பிளான்ட். பசிபிக் பெருங்கடலின் மோரியா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி பூப்பது மிக அரிது. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருளை அதனால் போதிய அளவு உண்டாக்க முடிவதில்லை என்று தாவரவியலார் கண்டிருக்கின்றனர். பூக்க வேண்டாம், காய்க்க வேண்டாம், விதைக்க வேண்டாம். கிள்ளி வைத்தால் போதும். பாட்டிலில் இருந்தபடியே ஓய்வெடுக்கும் இக்கொடியைவிட மேலான போஹோ குடிமகன் இல்லை.

ஈ) பணியில் சேராமலே ஓய்வு. கடைகளில் ‘அலங்கார ஏணி’ கிடைக்கிறது. இதில் ஏற முடியாது, ஏறினால் முறியும். போர்வை தொங்கவிட மட்டுமே பிறந்தது. புதிதாகச் செய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் உரிந்த தோற்றம் தந்த அலமாரிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு நாளும் உழைக்காத பொருளுக்கு வழங்கப்படும் போலிப் பணிச் சான்று என்றே இந்தத் தேய்ப்பைக் கருத வேண்டியுள்ளது.

உ) மறுநியமனம். மக்ரமே தொங்கல் என்ற பெயரில் செடிச் சட்டியைத் தாங்கி நிற்பது நம் உறி. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் தயிரையும் வெண்ணெயையும் காத்தது, கண்ணன் மட்டுமே ஊடுருவிய பாதுகாப்பு ஏற்பாடு. குளிர்சாதனப் பெட்டி வந்ததும் பதவி பறிபோயிற்று. இப்போது எவரும் திருட விரும்பாத ஒரு செடிக்குக் காவல் நிற்கிறது.

5. ஓய்வூதியப் பொருளாதாரம்

மேற்கண்ட கோட்பாட்டிலிருந்து ஒரு பொருளாதார விதி பிறக்கிறது: பொருளின் உழைப்பு குறையக் குறைய அதன் விலை ஏறும்.

சான்று ஒன்று. நெடுஞ்சாலை ஓரச் சாப்பாட்டுக் கடைகளில் லாரி ஓட்டுநர்கள் காசில்லாமல் படுத்து எழும் கயிற்றுக் கட்டில், 2017இல் ஆஸ்திரேலியாவில் 990 டாலருக்கு விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த விளம்பரப் படம் இந்தியா முழுவதும் சுற்றியது. வட மாநிலங்களில் பலர் தம் வீட்டுக் கட்டிலை ஒரு புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தனர்.

சான்று இரண்டு. 1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது, அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கிலும் பிரம்புப் பின்னலிலும் நாற்காலிகள் வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் பியர் ழான்னரே. எழுத்தர்கள் பல்லாண்டு உட்கார்ந்து தேய்த்த அந்நாற்காலிகள் கால் உடைந்து, மொட்டை மாடியில் குவிந்து, கழிவுப் பொருளாக ஏலம் போயின. வாங்கியவர்கள் செப்பனிட்டு வெளிநாட்டு ஏலங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவை லட்சக்கணக்கில் விலை போயின. அரசு ஊழியம் பார்த்த நாற்காலிக்குக் கிடைத்த ஓய்வூதியம், அதில் உட்கார்ந்து அரசு ஊழியம் பார்த்தவருக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

6. மனிதர்களின் நிலை

பொருள்கள் இவ்வாறு ஓய்ந்திருக்க, அவற்றின் பணிச்சுமை யார் தலையில் விழுகிறது? குடியிருப்போர் தலையில்.

அலட்சியமாகத் தூக்கிப் போட்டது போல் சோபாவில் கிடக்கும் கம்பளி விரிப்பைத் தினமும் அலட்சியமாகத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. முதல் முறையிலேயே அலட்சியம் சரியாக விழுவதில்லை. கத்திரி வெயிலில் அந்தக் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்ட குடும்பத் தலைவருக்கு, அது போர்த்திக்கொள்ள அல்ல என்ற விடை தரப்பட்டது. சணல் விரிப்பு ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கிறது. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியிலிருந்து உலகெங்கும் பரவிய பாம்பாஸ் புல், உலர்ந்த நிலையில் பூச்சாடியில் நின்று மின்விசிறிக் காற்றில் அறையெங்கும் பஞ்சு உதிர்க்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு வீட்டில் அதை ஒட்டடைக் கம்பு என்று எண்ணி எடுத்து ஒட்டடை அடித்தார். எடுத்துக்கொண்ட நோக்கில் அவர் செயல் முற்றிலும் சரியானது.

இருக்கையின் உயரம் தனிக் கவனம் பெறத் தக்கது. தாத்தா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா கடன் வாங்கிச் சாப்பாட்டு மேசை போட்டார். மகன் இன்னும் பெரிய கடன் வாங்கித் தரைக்கே திரும்பியிருக்கிறார். இடையில் முழங்கால்கள் இந்த மாற்றத்தைக் கேள்விப்படவில்லை. தாழ்வான திண்டில் அமர்ந்த பெரியவர் ஒருவரை எழுப்ப இருவர் தேவைப்பட்டதை ஆய்வாளர் நேரில் கண்டார். அந்த இருவரில் அவரும் ஒருவர்.

இவ்வீடுகளில் எப்போதும் மெய்யான சாவகாசத்தோடு காணப்பட்ட ஒரே உயிரினம் பல்லி. மக்ரமே தொங்கலின் பின்புறம் அதற்கு வாடகையில்லாக் குடியிருப்பு. அது எந்தத் திசையில் சத்தமிட்டால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. தொங்கலுக்குப் பின்னால் குடும்பம் நடத்தினால் என்ன பலன் என்று சொல்லவில்லை.

7. களச் சான்று

திருநெல்வேலியிலிருந்து பேத்தி வீட்டுக்கு வந்த ஆச்சி ஒருவருக்கும் பேத்திக்கும் நடந்த உரையாடல், ஆய்வுக் குறிப்பேட்டில் உள்ளபடி:

“ஏட்டி, சொளவ எதுக்குச் செவத்துல மாட்டி வச்சிருக்க?”

“சும்மா அழகுக்குத்தான் ஆச்சி.”

“சும்மாவா? சொளவு சும்மா இருந்தா பூச்சி விழுந்துரும்லா. எறக்கு அதை. ரவை இருக்கா வீட்ல?”

ரவை இருந்தது. சுளகு இறங்கியது. ஆச்சி புடைத்த அரை மணி நேரமும் அக்கூடத்தில் எல்லோரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எவரும் திண்டைச் சரி செய்யவில்லை. ஆய்வின் காலப்பகுதியில் மனிதர்கள் சாவகாசமாக இருந்ததாகப் பதிவானது இந்த ஒரு முறை மட்டுமே. அப்போது ஒரு பொருள் வேலை செய்துகொண்டிருந்தது என்பது தற்செயல் அன்று.

8. எதிர்வாதமும் மறுப்பும்

போஹோ மோகத்தால் கைவினைஞருக்கு வாழ்வு கிடைக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. இது எளிதில் தள்ளத் தக்கதன்று. பவானி சமுக்காளமும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. வாங்க ஆள் வேண்டும். பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கீறி, பட்டுப் பாய் நெய்கிறார்கள். மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தருவதும் உண்டு. அத்தகைய பாயைச் சட்டம் போட்டுச் சுவரில் ஏற்றுவதில் மரியாதை இருக்கிறது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. படுத்த பாய் தேயும். தேய்ந்தால் நெய்தவரிடம் மறுபடி போக வேண்டும். சுவரில் ஏறிய பாய் தேயாது. முதல் விற்பனையே கடைசி விற்பனை. நம் வீட்டுச் சாமான் ஓய்வு பெற்றால், அதைச் செய்தவருக்கும் சேர்த்தே நாம் ஓய்வு கொடுத்துவிடுகிறோம்; அவருக்கு ஓய்வூதியம் கிடையாது.

9. பரிந்துரைகள்

ஒன்று: ஓய்வு பெற்ற ஒவ்வொரு பொருளையும் மாதம் ஒரு நாளாவது பணிக்கு அழைக்க வேண்டும். பாயில் படுக்கவும், சுளகில் புடைக்கவும், அண்டாவில் சமைக்கவும் வேண்டும். ரப்பர் செடி அன்றைக்கு வெளியே நிற்கட்டும்.

இரண்டு: பணிக்கு வர மறுக்கும் பொருள்கள், குறிப்பாக ஏற முடியாத ஏணிகள், முறைப்படி விசாரிக்கப்பட வேண்டும்.

மூன்று: விருந்தினர் கொண்டுவரும் பழத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும்.

இத்துறையில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அடுத்த கட்டக் கள ஆய்வுக்குத் தம் வீட்டைத் தர முன்வருவோர், ஆய்வாளரின் இடுப்பைக் கருதி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமுள்ள நாற்காலி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுத் தெரிவிக்கவும்.