நாடி பார்க்காமல் ஜாதகம் பார்க்கும் ஆணையத்துக்கு

பெறுநர்:
தேசியத் தலைநகர் மண்டலத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்குமான காற்றுத் தர மேலாண்மை ஆணையம்,
புதுடெல்லி.

பெருமதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

தங்கள் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க நல்ல நுரையீரல் வேண்டும். டெல்லிக் காற்றில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால் இனி ‘ஆணையம்’ என்றே சுருக்கிக்கொள்கிறேன், பொறுத்தருள வேண்டும். ஒரு டீசல் கார் எவ்வளவு புகை விடுகிறது என்று அறிய அதன் பின்னால் போய் நிற்க வேண்டியதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் பிறந்த தேதியைப் பார்த்தாலே போதும் என்ற அரிய முறையைப் பாராட்டவே இதை எழுதுகிறேன். அந்த முறை தங்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பதும் தெரியும். பத்து வயதைக் கடந்த டீசல் வண்டி தலைநகர் மண்டலத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2020-இல் அவசரச் சட்டத்தில் பிறந்து 2021-இல் முறையான சட்டத்தில் அமர்ந்த தாங்கள், முன்னோர் சொத்தாக வந்த இந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தீர்கள். 2025 ஜூலை 1 முதல், வயது முடிந்த வண்டிக்கு டெல்லியின் பம்புகளில் எரிபொருளே ஊற்றக் கூடாது என்று பரிகாரமும் எழுதினீர்கள். ஜாதகப்படி ஆயுள் முடிந்தது, ஆகவே நோயாளிக்கு இனிக் கஞ்சி ஊற்ற வேண்டாம் என்று ஒரு வைத்தியர் சொன்னால் எப்படியோ, அப்படி.

நாடி பார்ப்பது ஒன்றும் அவ்வளவு கடினமில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர அனுமதி வேண்டும். டீசல் இஞ்சின் பொய் சொல்லத் தெரியாத ஜீவன். உடம்புக்கு என்ன என்பதைச் சைலன்ஸர் வழியாக நிறத்தோடு சொல்லிவிடும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிஞ்சிவிட்டது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் நாசில் பனி போலத் தெளிக்காமல் ஒழுகும் குழாய் போலச் சொட்டிக்கொண்டிருக்கும். நீலம் கலந்திருந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெண்புகை கிளம்பிச் சூடானதும் நின்றுவிட்டால் ஹீட்டர் பிளக்கில் ஒன்று செத்திருக்கலாம். சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த இஞ்சினுக்கு உள்ளே எவ்வளவு காற்று வந்தது என்பதே தெரியாது; மிதித்த அளவுக்கு டீசலைத் தள்ளிவிடும். அதனால்தான் சில நூறு ரூபாய் ஏர் ஃபில்டரை மாற்றாமல் சோம்பிய ஒருவர், தெருவையே அடுப்படி ஆக்கிவிட முடிகிறது. இந்த நோய்களில் எதுவும் பிறந்த நாளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மூன்று வயதுக் காருக்கும் வரும். பதினைந்து வயதுக் காருக்கு வராமலும் இருக்கும். பத்து ஆண்டில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும் நான்கு லட்சம் ஓடிய வண்டிக்கும் தங்கள் பஞ்சாங்கத்தில் மட்டும் ஒரே தசை, ஒரே புத்தி.

இந்த நோய்களுக்கான வைத்தியத்தில் பெரும்பகுதி வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடிப்பது, ஃபில்டர் மாற்றியபின் கைப்பம்பை அமுக்கி ஏர் எடுப்பது, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து டேப்பெட் இடைவெளி சரிபார்ப்பது, புகையில் ஒரு பங்கை இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் படிந்த கரியைக் கழுவுவது, காலம் தவறாமல் ஆயில் மாற்றுவது ஆகியவற்றுக்கு ஒரு ஸ்பானர் செட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கொஞ்சம் பொறுமையும் போதும். நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவிலேயே மிக மலிவானது இதுதான் என்பது என் துணிபு. அரசுக்கு ஒரு பைசா செலவில்லை, டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை. ஒருவேளை அதனால்தான் இது யார் கண்ணிலும் படாமல் போகிறதோ என்னவோ.

புகையை அளக்க அரசிடம் கருவி இல்லாமலும் இல்லை. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இஞ்சினைச் சூடாக்கி, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, சைலன்ஸரில் செருகிய குழாய் வழியாக வரும் புகை எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்ப்பதுதான் டீசல் வண்டிக்கான பி.யூ.சி. சோதனை. ஒளியை விழுங்கும் அந்த அளவுக்கு, பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசுத் தரத்துக்கு முந்தைய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 1.62 என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே எல்லை வகுத்திருக்கின்றன. பத்தாண்டு விதியின்படியோ, வண்டி அந்த எல்லைக்குள் நின்றாலும், வயது பத்தாகிவிட்டால் அது குற்றவாளி. எல்லையைத் தாண்டிக் கக்கினாலும், வயது ஒன்பதே முக்கால் என்றால் அது பாலகன்.

“அந்தச் சோதனையை யார் நம்புவது, அது வெறும் சீட்டு விற்கிற கடை” என்று தங்கள் தரப்பில் சொல்வார்கள். நியாயமான மறுப்பு, நான் சொல்வதைவிடத் தணிக்கையாளர்களே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி, வரம்பைத் தாண்டிப் புகைவிட்ட 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று வழங்கப்பட்டிருக்கிறது. 4,007 டீசல் வண்டிகள் அளவு மீறியும் தேறியதாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்ட அற்புதம் 7,643 முறை நிகழ்ந்திருக்கிறது. ஆக, வெப்பமானி உடைந்திருக்கிறது என்பது உண்மை. உடைந்த வெப்பமானியைக் கண்டதும் புதியது வாங்குகிறவர்கள் உண்டு. வார்டில் வயதானவர்கள் எல்லோரையும் வெளியே தூக்கிப் போடுங்கள் என்றவர்களை இப்போதுதான் பார்க்கிறோம். சான்றை விற்ற மையத்துக்கு வயது வரம்பு ஏதும் இல்லை என்பதையும் பணிவோடு குறித்துக்கொள்கிறேன்.

இந்தப் பத்தாண்டு விதி புகையைக் குறைக்கிறதா என்பதைவிட, அதுவே புகையை உற்பத்தி செய்கிறதா என்று கேட்பதுதான் சரி. எட்டாவது வயதில் ஒரு டீசல் காரின் நான்கு இன்ஜெக்டர்களும் களைத்துவிட்டன என்று வையுங்கள். கழற்றி, டீசல் பம்ப் கடையில் சோதித்து, பழுதானதை மாற்றினால் இன்னும் பல ஆண்டு தூய்மையாக ஓடும். ஆனால் செலவு பல ஆயிரம். இன்னும் இரண்டே ஆண்டில் இரும்புக் கடைக்குப் போகப்போகிற வண்டிக்கு எவர் அந்தப் பணத்தைப் போடுவார்? அறுக்கப்போகிற ஆட்டுக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படியாகக் கடைசி இரண்டு ஆண்டும் அந்தக் கார் கரியைக் கக்கிக்கொண்டு, முழுச் சட்டபூர்வமாக, தங்கள் ஆசியோடு டெல்லியைச் சுற்றிவரும். பராமரித்தவனுக்கும் பராமரிக்காதவனுக்கும் ஒரே நாளில் ஒரே தண்டனை என்றால், பராமரிப்பவன் ஏமாளி. சோதனையில் தேறினால் இன்னும் ஓட்டலாம் என்ற ஆசை ஒன்றே ஒருவரை ஸ்பானர் எடுக்க வைக்கும். அதைத்தான் இந்த விதி முதலில் பறிக்கிறது.

இதற்குப் பதில் ஒன்று உண்டு, அது கனமானது. பழைய டீசல் இஞ்சினை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அதன் பிறவிக் குணம் போகாது, துகள் வடிகட்டி இல்லாத வண்டி புதிய வண்டியைவிட நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் கூடுதலாகத்தான் விடும் என்பது. மறுக்கவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே உறுதிப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் அதிக ஆபத்து, ஒளியை அளக்கும் மீட்டர் அதைச் சரியாகப் பிடிப்பதுமில்லை. இதெல்லாம் சரி. ஆனால் இந்த வாதம் வண்டி எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்பதைப் பற்றியது. எந்த ஆண்டில் பதிவானது என்பதைப் பற்றியது அல்ல. டெல்லியில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தது 2010 ஏப்ரலில், நாடு முழுதும் வந்தது 2017-இல். அதே டெல்லியில் 2018 முதல் கிடைக்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். பழைய வண்டியும் அந்தச் சுத்தமான டீசலைத்தான் குடிக்கிறது. உச்ச நீதிமன்றமே இதைக் கவனித்துவிட்டது போலிருக்கிறது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4-உம் அதற்குப் பிந்தையதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. பிறந்த தேதியிலிருந்து வம்சத்துக்கு வந்திருக்கிறோம். முன்னேற்றம்தான். நாடியைத் தொட இன்னும் ஒரு படி பாக்கி.

வம்சமும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. டீசல் இஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றேன்; கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தால் அதுவும் கற்றுக்கொள்ளும். பசுமைத் தீர்ப்பாயம் பத்து வயதுக் கார்களைத் தண்டித்த அதே 2015-இல், ஐந்தே மாதம் கழித்து, ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் சோதனைக்கூடத்தை ஏமாற்றும் மென்பொருளை வைத்திருந்தது அம்பலமானது. இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனமே அறிவித்தது. 2019-இல் அதே தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. அந்தக் கார்கள் ஷோரூமை விட்டு இறங்கிய அன்று அவற்றின் வயது பூஜ்யம். தங்கள் கணக்கில் பத்தரைமாற்றுத் தங்கம்.

வீட்டில் வண்டி பிரிக்கிறவர்கள் எல்லோரும் உத்தமர்களா என்று கேட்டால், இல்லை. இழுவை வேண்டும் என்று பம்பின் டீசல் திருகைக் கூட்டிவைத்துக் கரும்புகையைக் கௌரவமாகக் கருதுகிறவர்கள் உண்டு. ஈ.ஜி.ஆரை அடைத்துவிட்டு மைலேஜ் கூடியது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் கடிதத்தின் மொழி கெடும். காமன் ரெயில் இஞ்சினில் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயை வீரமாகத் தளர்த்துகிறவர், அதன் மிக உயர்ந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்பதை ஆஸ்பத்திரியில்தான் கற்றுக்கொள்கிறார். பத்தாண்டு விதியோ இவர்களையும் ஒழுங்காகச் செய்கிறவர்களையும் பிரித்தறிவதில்லை. புகைச் சோதனை ஒழுங்காக நடந்தால் டீசல் திருகைக் கூட்டியவர் வாசலிலேயே மாட்டிக்கொள்வார், ஆர்.சி. புத்தகத்தில் திருகு எவ்வளவு கூடியிருக்கிறது என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்றும் சொல்வார்கள். லண்டனில் யூரோ 6 தரத்துக்குக் கீழான டீசல் கார் ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும் என்பது மெய். அங்கே பார்ப்பது தரத்தை, காரைப் பிடுங்குவதில்லை, ஓட்டினால்தான் காசு. நாற்பது வயதைக் கடந்த வரலாற்று வண்டிக்கு விலக்கும் உண்டு. நம்முடைய முறை இன்னும் கருணையானது: டெல்லியில் ஆயுள் முடிந்த காரைத் தடையின்மைச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு விற்றுவிடலாம். யமுனைக் கரையில் விஷம் கக்கியது காவிரிக் கரைக்கு வந்ததும் சாம்பிராணி போடும் போலிருக்கிறது. தலைநகருக்கு வெளியே இருப்பவர்களின் நுரையீரல் பற்றிய தங்கள் கணக்கை அறிய ஆவல்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பம்புகளில் எண் பலகையைப் படிக்கும் கேமராக்களுக்குச் செலவழித்த அக்கறையில் ஒரு பகுதியைப் புகைமானிக்குத் தாருங்கள். அந்தக் கேமராக்களின் கதையும் தங்களுக்குத் தெரியாததல்ல: திட்டம் தொடங்கிய மூன்றாம் நாளே, கேமரா சரியான இடத்தில் இல்லை, சென்சார் வேலை செய்யவில்லை, ஒலிபெருக்கி பழுது என்று டெல்லி அரசே தங்களுக்குக் கடிதம் எழுத, தேதியை நவம்பர் 1-க்குத் தள்ளினீர்கள். புத்தம் புதுக் கருவி மூன்றாம் நாளில் படுத்துவிட்டது. அதை வயது முடிந்ததாக அறிவித்து உடைக்காமல், சரிசெய்ய அவகாசம் கொடுத்தீர்கள். மிக நல்ல முடிவு. அதே அவகாசத்தைக் கார்களுக்கும் கொடுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை, சீட்டு விற்காத மையத்தில், இயந்திரமே அளந்து இயந்திரமே எழுதும் சோதனை, தவறினால் ஒரு மாதம் பழுதுபார்க்க, மீண்டும் தவறினால் உடைக்க, அது நான்கு வயதுக் குழந்தையாக இருந்தாலும்.

இப்படிக்கு,
டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிக்கத் தெரிந்த ஒருவர்

பின்குறிப்பு: தலைநகரின் காற்றைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கு 1985-ஆம் ஆண்டினது. 2018 உத்தரவும் 2025-இன் உத்தரவுகளும் அந்த வழக்கிலேயே பிறந்தவை. நாற்பது வயது கடந்தும், அவ்வப்போது பாகங்கள் மாற்றப்பட்டு, நல்ல கவனிப்பில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பதிவுத் தேதியை யாரும் தங்களிடம் காட்டிவிடாமல் இருக்க வேண்டும்.