ஒழுகும் கூரைக்கே முழுச் சலுகை

கட்டடச் செலவுகளைத் தரம் பிரிக்கும் வருமான வரி மேதைகளின் சமூகத்துக்கு,

சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவருக்கு மாடித் தளம் ஒழுகியது. தினசரி காலண்டர் தாள்கள் ரீம் ரீமாக ஊறிப்போக, பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டர்புரூஃபிங் செய்து, புதுத் தட்டோடு பதித்தார். செலவு 6 லட்சம். பழுதுபார்ப்பு என்று கணக்கில் எழுதினார். பில் கேட்டு நோட்டீஸ் வந்தபோது, கான்ட்ராக்டர் கொடுத்த 10 வருட கேரண்டி அட்டையையும் சேர்த்து அனுப்பித் தொலைத்தார்.

10 வருடம் ஒழுகாதா? அப்படியானால் நீடித்த பலன். நீடித்த பலன் என்றால் மூலதனச் செலவு. உத்தரவு வந்துவிட்டது.

என்ன கூர்மை! ஊரார் ஒழுகாத கூரையைப் பார்த்துக் கொத்தனாரைத்தான் பாராட்டுவார்கள். அதில் வரி ஏய்ப்பின் ஈரத்தைக் கண்டது தாங்கள் மட்டுமே.

வேலை டிசம்பரில் முடிந்தது. அந்த நிதியாண்டில் 180 நாளுக்கும் குறைவாகவே பயன்பட்ட தளம் என்பதால், 10 சதவீதத் தேய்மானத்திலும் பாதிதான்: 30,000 ரூபாய். மீதி 5,70,000 ரூபாய், கையில் இல்லாத லாபமாக நின்று வரி கேட்கிறது. அடுத்தடுத்த வருடங்களில் மிச்சத்தில் 10 சதவீதம். கேரண்டி முடிந்து கூரை மறுபடி ஒழுகத் தொடங்கும்போதும், தங்கள் ஏட்டில் 2 லட்சத்துக்கு மேல் ஒழுகாமல் பத்திரமாக இருக்கும். மரத்தால் அடித்த தற்காலிகக் கொட்டகையாக இருந்தால் தேய்மானம் 40 சதவீதம். அதுவும் கட்டாயம் ஒழுகும்.

1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு வாடகைக்கு இருப்பவருக்குப் 'பழுதுபார்ப்பு' என்றும், சொந்தக்காரருக்கு 'நடப்புப் பழுதுபார்ப்பு' என்றும் தனித்தனியே எழுதிவைத்தது. நடப்பு எங்கே முடிகிறது என்று கேட்டுத்தான் வழக்கறிஞர்கள் வீடு கட்டினார்கள். ஒரு சினிமா தியேட்டரில் இயந்திரம், நாற்காலி, வயரிங் எல்லாவற்றையும் புதிதாக்கியது நடப்புப் பழுதுபார்ப்பு ஆகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, அது பெரிய மாற்றம். மறுவருடமே மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் வழக்கில், குத்தகை இடத்தில் பழையதை இடித்துப் புதுக் கட்டடமே எழுப்பியவருக்கு முழுச் செலவையும் கழிக்க அதே நீதிமன்றம் அனுமதித்தது. கட்டடம் நில உரிமையாளருக்குப் போனது, இவருக்கு மிஞ்சியது குறைந்த வாடகை என்பது காரணம். ஆனால் அந்த வாசலைத் தீர்ப்புக்கு முன்பே, 1988 முதல், சட்டம் சாத்தியிருந்தது: வாடகைக் கட்டடத்தில் மூலதனச் செலவு செய்தவரும் தேய்மானத்துக்காகச் சொந்தக்காரர்போல் கருதப்படுவார். தங்கள் சட்டத்தில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான் போலும்.

ஜிஎஸ்டி தரப்பு இன்னும் சுவை. கட்டடப் பழுதுபார்ப்பு மூலதனமாகக் கணக்கில் ஏறினால், பில்லில் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாடகைக்கு விடும் கட்டடம் சில சமயம் 'பிளான்ட்' ஆகி வரவு பெறலாம் என்று 2024 அக்டோபரில் சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு துளை போட்டது. 2025 நிதிச் சட்டம் 'பிளான்ட் அல்லது மெஷினரி' என்ற தொடரின் 'அல்லது' என்பதை 'மற்றும்' ஆக்கி, அதையும் 2017 ஜூலை முதலே அடைத்துவிட்டது. ஏழு வருடம் பின்னோக்கிப் போய் அடைக்கும் வாட்டர்புரூஃபிங் எந்தக் கடையில் கிடைக்கும்?

தாள் நனையாமல் காப்பாற்றியவன் என்ன திருடனா? கடன் வாங்கித் தளம் போட்டவன், வராத லாபத்துக்கும் வரி கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டுமா? மன்னிக்கவும், சமூகத்தின் பொறுமைக்குத் தலைவணங்கி மேலே செல்வோம்.

அமெரிக்க வருமான வரியில் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. கட்டடத்தின் அடக்கவிலை 10 லட்சம் டாலருக்குள் இருந்தால், அதில் 2 சதவீதம் அல்லது 10,000 டாலர், எது குறைவோ அதற்குள் அடங்கும் வருடச் செலவை, பழுதா மேம்பாடா என்று ஆராயாமல் அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம். இங்கேயும் சிறு தொழிலுக்கு அப்படி ஒரு தொகையைச் சட்டத்தில் எழுதுங்கள். குறைந்தபட்சம், கேரண்டி அட்டையைச் சாட்சியாக எடுக்க மாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள்.