காலுக்கு ஒன்றுமில்லை

போன மாதத்தில் ஒரு வாரம் முழுக்க எண்ணெய்க் கசிவு ஒன்றை வரைவதிலேயே போயிற்று.

ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இடது கால் அது. விவரம் தெரிந்தவர்கள் லேண்டிங் கியர் என்பார்கள், இன்னும் தெரிந்தவர்கள் அண்டர்கேரேஜ் என்பார்கள். நாங்கள் அன்றும் இன்றும் கால் என்றுதான் சொல்கிறோம். என் மேசைமேல் இருப்பது அசலில் ஆறில் ஒரு பங்கு. பளபளக்கும் பிஸ்டன் தண்டு உருளைக்குள் நுழையும் இடத்தில் சீல் தேய்ந்து, எண்ணெய் லேசாகக் கசிந்து, அதில் தூசு படிந்து, வெயிலில் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு வரவேண்டும். பழுப்பில் துளி கறுப்பு சேர்த்து, தின்னரில் கரைத்து, நாலே நாலு மயிர் மிச்சமிருக்கும் பிரஷ்ஷால் இழுத்தேன். நான்கு முறை துடைத்தெறிந்து ஐந்தாம் முறை சரியாக வந்தது. "தாத்தா, லீக் ஆகுது, துடைக்கலையா?" என்று பேத்தி கேட்டாள். இந்த வருஷம் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

1977இல் இதே கோயம்புத்தூரில் எண்ணெய்க் கசிவை வரைய வேண்டிய தேவை எங்களுக்கு இருந்ததில்லை. கல்லூரி என்.சி.சி. விமானப் பிரிவில் எங்களிடம் இருந்தது கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் எஞ்சின். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றுவோம். முதல் இரண்டும் எரிந்துபோகும். விளக்கெண்ணெய் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்து இறக்கை, கால், சக்கரம், சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் பாரபட்சமில்லாமல் படியும். வீட்டுக்குள் நுழைந்தால், "இன்னைக்கு யாருக்குடா பேதிக்குக் குடுத்தாங்க?" என்பார் அம்மா.

அப்போது எங்களுக்கு ரேடியோ கண்ட்ரோலெல்லாம் கிடையாது. கண்ட்ரோல் லைன்தான். இரண்டு மெல்லிய கம்பிகளின் ஒரு முனையில் விமானம், மறுமுனையில் நாம். செக்கு மாதிரிதான், மாடுதான் கொஞ்சம் வேகம். காலுக்கு 10 கேஜ் ஸ்பிரிங் கம்பி, சக்கரத்துக்கு ஹவாய் செருப்பு. செருப்பின் அடியில் காலணா அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் பிளைவுட் வைத்து ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து உருட்டினால் டயர். மேலே வெள்ளை, கீழே நீலம். கறுப்பு அடித்தால் இரண்டாவது இறக்கத்தில் உரிந்து நீலம் பல்லிளிக்கும். சரவணம்பட்டித் தரிசில், இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் நிற்கிற இடத்தில், அந்தச் செருப்புச் சக்கரங்கள் முள்ளிலும் கல்லிலும் உருண்டன. ஒரு சக்கரம்கூட உடைந்ததாக ஞாபகமில்லை.

கம்பியை வளைப்பதுதான் பெரும்பாடு. ஸ்பிரிங் கம்பியை வைஸில் கடிக்கவைத்துச் சுத்தியலால் தட்டினால், தட்டிய கோணத்தில் பாதிக்குத் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். சோம்பல் பட்டு ஒருநாள் கொல்லன் உலையில் காட்டிச் சிவக்க வைத்து வளைத்தேன். வெண்ணெய் மாதிரி வளைந்தது. அன்று சாயங்காலம் முதல் இறக்கத்திலேயே இரண்டு காலும் பக்கத்துக்கொன்றாய் விரிய, விமானம் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி தரையோடு படுத்துவிட்டது. கணபதியில் பட்டறை வைத்திருந்த லேத் அண்ணன் கம்பியைக் கையில் வாங்கி நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"கம்பியச் சுட்டீங்களா, தம்பி?"

"ஆமாங்கண்ணா."

"சுட்டுப்போட்டா அப்புறம் அது ஸ்பிரிங் இல்லீங்க. கட்டுக்கம்பி."

உலோகத்தைப் பற்றி நாலு வருஷம் கல்லூரியில் படித்ததில் இப்போது ஞாபகம் இருப்பது இந்த ஒரு வரிதான்.

1984இல் சிங்கப்பூர் மாமா நான்கு சேனல் ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது, நான் ஸ்பிட்ஃபயர் கட்டுவது என்று முடிவு செய்தேன். சென்னை மூர் மார்க்கெட்டில் (அது எரிவதற்கு முந்தைய வருஷம்) பழைய புத்தகக் குவியலிலிருந்து 'ஏரோமாடலர்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகையின் அட்டை போன இதழ் ஒன்று கிடைத்திருந்தது. அதில் அந்த விமானத்தின் காலைக் கிட்டத்தில் எடுத்த படம். நாலு அங்குலப் படம்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கனவில்கூட வந்தது. மேலே தடித்த உருளை, உள்ளே வழுவழுவென்று ஏறி இறங்கும் தண்டு. உருளைக்குள் எண்ணெயும் அழுத்திய காற்றும். சக்கரம் தரையைத் தொட்டதும் தண்டு மேலே ஏறும், எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக முண்டியடித்துப் போகும், மோதிய வேகம் அந்த நெரிசலிலேயே சூடாகிச் செத்துப்போகும். ஓலியோ என்று பேர்.

எனக்கும் ஓலியோ வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குரோம் குழாய்க்கு எங்கே போவது? அப்பாவின் டிரான்சிஸ்டரில் இருந்தது. ஏரியலின் அடிக் கணுக்கள் இரண்டை அறுத்து, உள்ளே பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் போட்டேன். மிச்சத்தை எம்சீல் வைத்து டிரான்சிஸ்டரில் நட்டுவிட்டேன். ராத்திரி அப்பா பி.பி.சி. தமிழோசையைத் தேடி ஷார்ட் வேவில் முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். "நேத்து வரைக்கும் லண்டன் பக்கத்துலதான்டா இருந்துச்சு" என்றார். நான் கையிலிருந்த புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஏரியல் கால் ஒரு நாள் நின்றது. பேனா ஸ்பிரிங்குக்கு விமானத்தைத் தாங்கவும் தெரியவில்லை, தூக்கி எறியாமல் இருக்கவும் தெரியவில்லை. கடைசியில் குழாய்க்குள்ளேயே 8 கேஜ் கம்பியைச் செருகி, ஈயம் வைத்து இறுக்கி, ஓலியோ வேலை செய்வது போன்ற பாவனையோடு பறக்கவிட்டேன்.

காலை மடக்கும் ஆசையும் இருந்தது. ஸ்பிட்ஃபயரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. இரண்டு காலும் உடம்பை ஒட்டிய இடத்தில் கீல் வைத்து, வெளிப்பக்கமாய் இறக்கை நுனியைப் பார்த்து மடங்கும். அதனால் கீழே நிற்கும்போது சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அசலிலேயே 1.7 மீட்டர் சொச்சம்தான். பதினொரு மீட்டர் இறக்கையை வைத்துக்கொண்டு அப்படி ஒடுங்கி நிற்கும். போதாததற்குக் கால் கீழே வரும்போது முன்பக்கம் சாய வேண்டும், மேலே போனால் மெல்லிய இறக்கைக்குள் தட்டையாய்ப் படுக்க வேண்டும். ஆகவே கீலே இரண்டு திசையில் கோணலாக இருக்கும். அந்தக் கோணத்தைப் பிடிக்க நான் அட்டையில் செய்து பார்த்த கால்கள் ஒரு மரவட்டைக்குக் காணும். முதல் ரக ஸ்பிட்ஃபயரில் விமானியே கைப்பம்பு அடித்துத்தான் காலை மடக்கினார். வலது கை பம்பு அடிக்க, இடது கை அறியாமல் கூடவே ஆட, புதுசாக ஓட்டுபவர்களின் விமானம் ஏறும்போதே மேலும் கீழுமாய்த் தலையாட்டிக்கொண்டு போகுமாம்.

என்னுடையதில் விமானி இல்லை, ஆகவே சிரிஞ்ச். பிளாஸ்டிக் சிரிஞ்ச் இரண்டு, சைக்கிள் வால்வ் டியூப், தகர டப்பாவைப் பற்றவைத்துச் செய்த காற்றுத் தொட்டி. கிளம்புமுன் சைக்கிள் பம்பால் நிரப்ப வேண்டும். ஒரு கால் விருட்டென்று மடங்கும், மற்றது யோசித்து, பெருமூச்சு விட்டு, பாதியில் நிற்கும். மைதானத்தில் சிரிக்காதவர்கள் கிடையாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையோடு சிரிஞ்சைக் கழற்றி எறிந்தேன்.

இப்போது கடையில் வாங்கும் மின்சார மடக்கியில் இரண்டு காலும் ஒரே நொடியில், ஒரே வேகத்தில், ராணுவ அணிவகுப்பு மாதிரி மடங்குகின்றன. பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அசலில் அப்படி இல்லையாம், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆகவே தனியாக ஒரு சீக்வென்சர் வாங்கி, இடது கால் ஒன்றே கால் நொடி பிந்தும்படி அமைத்திருக்கிறேன். கைதட்டுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் இலவசமாகவே பிந்தியது.

லேத் அண்ணனுக்கு எழுபத்தெட்டு. பட்டறை மகன் கையில், லேத் இருந்த இடத்தில் சி.என்.சி. அன்று சிகரெட் அட்டையில் கிறுக்கிக் கொடுத்தால் போதும், இன்று மகன், "ஃபைலா அனுப்பிடுங்க அங்கிள்" என்கிறான். ஃபைல் அனுப்பினேன். 7075 அலுமினியத்தில் கடைந்து வந்தது கால். பிஸ்டன் உள்ளே போவதே ஒரு சங்கீதம். நல்ல ஸ்பிரிங் போட்டேன், பந்து மாதிரி குதித்தது. அடக்குவதற்கு அசலைப் போலவே எண்ணெய் ஊற்றினேன். குதிப்பது நின்றது, ஆனால் சீல் கசிந்தது. சரியாக நான் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த கசிவின் மேலேயே கசிந்து, அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. நிஜக் கசிவு பார்க்க அவ்வளவு நிஜமாக இல்லை. துடைத்து, எண்ணெயை வடித்து, ஸ்பிரிங்கை உருவிவிட்டு, குழாய்க்குள் 4 மில்லி கம்பியைச் செருகி இறுக்கினேன். பழைய 8 கேஜ்தான், இப்போது மில்லியில் சொல்கிறார்கள். பிறகு கசிவை மறுபடி வரைந்தேன்.

சுருக்கும் கணக்கில் ஒரு அநியாயம் உண்டு. ஆறில் ஒன்றாக்கினால் கால் ஆறில் ஒன்றாகும், எடை கணக்குப்படி இருநூற்றுப் பதினாறில் ஒன்றாகும். புல் மட்டும் சுருங்காது. அரையடிப் புல் என் ஸ்பிட்ஃபயருக்கு மூன்றடிப் பயிர். அதற்குள் இறங்கவேண்டிய காலில்தான் கடுகளவில் போல்ட் தலை, கித்தார் நரம்பில் செய்த பிரேக் குழாய், லென்ஸ் வைத்தால் மட்டும் படிக்கமுடிகிற எச்சரிக்கை எழுத்து எல்லாம் இருக்கின்றன. காலோடு ஒட்டி மூடும் கதவை வீட்டுப் பிரிண்டரில் எடுத்தேன். கதவுக்கும் இறக்கைக்கும் இடைவெளி அரை மில்லி. நண்பர்கள் குனிந்து பார்த்து, "அடேயப்பா" என்றார்கள்.

விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் ஒரு பக்கம். இப்போது பறக்கவிட வேண்டுமென்றால் அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை தேடிப் பொள்ளாச்சிப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. போன ஞாயிறு அங்கே போனோம். காரை வெயிலில் நிறுத்திவிட்டு நிழலில் டீ குடித்தோம். பிறகு எடுத்துக் கிளப்பினேன். வலது கால் மடங்கியது, இடது கால் ஒன்றே கால் நொடி கழித்து மடங்கியது. கைதட்டல். இரண்டு சுற்று வந்து, இறக்குவதற்காகச் சுவிட்சைத் தட்டினேன். வலது கால் வந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. "என்னா டைமிங்குங்க! அசல் மாதிரியே இருக்குது" என்றார் பின்னால் ஒருவர். பத்து நொடி. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது.

கார் அடுப்பாகியிருந்திருக்கிறது. பிரிண்டர் பிளாஸ்டிக் அறுபது டிகிரி வந்தாலே இளகிவிடும். கதவு ஒரு மில்லி நெளிந்திருக்கிறது, நான் விட்டிருந்த இடைவெளி அரை மில்லி. ஒற்றைக் காலில் இறங்கினால் இறக்கை போய்விடும் என்று வலதையும் மடக்கிக்கொண்டு, புல்லில் வயிற்றைத் தேய்த்து இறக்கினேன். புரொப்பெல்லர் முறிந்தது, ரேடியேட்டர் இரண்டும் பெயர்ந்தன, அடிவயிற்று வண்ணமெல்லாம் வழித்துக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் லேத் அண்ணன் போன் செய்தார். காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும்.

"ஏனுங் தம்பி, பையன் கடைஞ்ச கால் எப்படிங்க?"

"காலுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. ஒரு கீறல்கூட இல்லீங்க."