என்ரை பக்கம் சரி

சண்டிலிப்பாயில் வேலியில்லாத வளவைக்கூடக் கண்டுவிடலாம். தன் பக்கம் பிழையென்று ஒத்துக்கொண்ட மனிசனைக் காண்பது அரிது. அந்தப் பரம்பரையின் புதுக்கொழுந்துதான், வீட்டு விறாந்தையிலிருந்தே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை பார்க்கும் நம் அண்ணை. அப்பு பூவரசங் கதியாலுக்காக வழக்காடினார், இவர் கேர்பரோசுக்காக.

கேர்பரோஸ், 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான காவல் முறை. கிரேக்கர் கதையில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கடவுச்சொல்லை நீட்டாமல், இரண்டும் நம்புகிற மூன்றாம் ஆளிடம் ரிக்கெற் எடுத்துவந்து காட்டவேண்டும். "கலியாணத் தரகர் எண்டு சொல்லன்ரா" என்று அம்மா ஒரே மூச்சில் விளங்கிக்கொண்டார். நாய் என்றதும் வைரவருக்கு வடைமாலையும் நேர்ந்தாயிற்று. மூன்று தலையென்றால் மாலையும் மூன்றோ என்பதுதான் அவருக்கு மிஞ்சிய சந்தேகம்.

அண்ணை நிரல் எழுதுவது ஜாவாவில். கொழும்பிலிருக்கும் தம்பி எழுதுவது பைதனில். ஜாவா சொந்தமாக ஒரு கேர்பரோஸ் வைத்திருக்கும். பைதன் பெரும்பாலும் இயங்குதளத்தில் இருப்பதை இரவல் வாங்கும். பங்குக் கிணற்றில் துலா ஒரு வீட்டாரது, வாளி மற்ற வீட்டாரது என்பது மாதிரி. தண்ணி வராத அன்றைக்குக் கேட்கவேண்டுமே கதையை!

அப்படி ஒருநாள் பைதனின் ரிக்கெற் ஜாவா வாசலில் செல்லவில்லை. அண்ணை தேத்தண்ணியை உறிஞ்சியபடி தொலைபேசியில் தொடங்கினார்.

"சேவரின்ரை பேரை முழுசாப் போடும் தம்பி." போட்டான்.

"ரெல்ம் பேரைக் கப்பிற்றல் எழுத்திலை அடியும்." அடித்தான்.

"பழைய ரிக்கெற்றை அழிச்சுப் புதுசு எடும்." எடுத்தான்.

மூன்றாம் நாள் தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணை, உங்கடை பக்கத்து லொக்கை ஒருக்காப் பாக்கேலுமோ?" என்றான்.

"என்ரை பக்கம் சரி தம்பி."

என்றாலும் பார்த்தார். நீட்டுப் புலம்பலுக்கு நடுவில் ஒரு வரி: மணிக்கூடுகளுக்குள் வித்தியாசம் கூடிப்போச்சு. வழமையில் 5 நிமிடத்துக்கு மேல் கேர்பரோஸ் பொறுக்காது. "பாத்தீரோ, உம்மடை மணிக்கூடு!" என்று அண்ணை துள்ளினார். இருவரும் நேரத்தை வாசித்தார்கள். நிமிடம் பிசகவில்லை.

அண்ணையின் சேவர் 2005இல் வாங்கிய பெட்டி. 1996இல் முன்னே தள்ளிய மணிக்கூட்டை அரசாங்கம் 2006 சித்திரையில் உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய கணக்குக்கே இழுத்துவிட்டது. அண்ணை நேரத்தை மட்டும் கையால் திருத்தினார். நேர வலயம் ஆறிலேயே கிடந்தது. வெளிமுகம் சரி, வயிற்றுக்குள் கேர்பரோஸ் பார்க்கும் உலக நேரம் அரை மணித்தியாலம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அரசாங்கம் மாற்றியும் புலிகளின் வன்னி பழைய நேரத்திலேயே நின்ற காலம் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டினா மணி மாறுமே, அந்தக் கதையோ?"

அண்ணை தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, கண்டுபிடிச்சிட்டன். என்ரை பக்கம் சரி. அரசாங்கம்தான் மாத்தினது."