நாற்பது நிமிட ஹாம்லெட்

மே மாதம் வந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஷேக்ஸ்பியருக்கும் கடிகாரத்துக்கும் மல்யுத்தம். காலேஜ் போர்டு நடத்தும் கல்லூரித் தர ‘ஏபி’ ஆங்கில இலக்கியத் தேர்வில் 120 நிமிடத்தில் மூன்று கட்டுரைகள். கவிதைக்கு ஒன்று, கதைப் பகுதிக்கு ஒன்று, மாணவரே தேர்ந்தெடுக்கும் நூலுக்கு ஒன்று. பழிவாங்கலாமா வேண்டாமா என்று ஹாம்லெட் ஐந்து அங்கம் யோசித்தான். அவனை அலச மாணவர்களுக்கு 40 நிமிடம்.

அதனால் கட்டுரையை முன்கூட்டியே சமைத்து வைத்துக்கொள்கிறார்கள். 1925இல் ஃபிட்ஸ்ஜெரால்டு ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் ஏற்றிய பச்சை விளக்கு இன்னும் அணையவில்லை. கேள்வி பணத்தைப் பற்றியா? பச்சை விளக்கு. ஏக்கமா? அதே விளக்கு. பசுமாட்டுக் கட்டுரையை மட்டும் படித்துப்போய், கேட்ட தென்னைமரத்தில் மாட்டைக் கட்டிய நம்மூர்ப் பையனுக்கு அங்கேயும் பங்காளிகள் உண்டு!

ஒரு கட்டுரைக்கு ஆறு மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4. மீதி 1 சிந்தனை நுட்பத்துக்காம். அதைப் பிடிக்கத்தான் ‘முரண்’, ‘இருமை’ என்று பக்கம் முழுக்கத் தூவுகிறார்கள், கொத்தமல்லி மாதிரி.

2025 முதல் தேர்வு முழுக்கக் கணினியில். கையெழுத்தின் மேல் பழிபோடவும் இனி வழியில்லை.