புது ஐயர் வந்திருக்கிறார்

புது ஐயர் மாற்றலாகி வருகிறார் என்றால் சபையில் ஒரு மாதம் முன்பே பேச்சு கிளம்பிவிடும். குருமனைக்கு வெள்ளையடிப்பார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பார்கள். பிரசங்கம் எத்தனை நிமிடம் நீளும், ஐயரம்மாவுக்குப் பாட வருமா, முந்தின சபையில் ஏதாவது தகராறா என்ற விவரமெல்லாம் அவருடைய கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறுவதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிடும். (தமிழ் லுத்தரன் சபைகளில் போதகர் எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் 'ஐயர்'தான். இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியே பலருக்கு ஆயுள் கழிந்திருக்கிறது.) வந்து இறங்கும் அன்று மாலை, சால்வை, கேசரி எல்லாம் உண்டு.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கிய புது ஐயருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கேசரி போகட்டும், உட்காரு என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. இன்று அவருக்குச் சிலை இருக்கிறது, தபால் தலை இருக்கிறது, ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். அன்று அவர் புல்ஸ்னிட்ஸ் என்ற ஜெர்மானியச் சிற்றூரிலிருந்து வந்த ஒல்லிப்பிச்சான் வாலிபர். புல்ஸ்னிட்ஸுக்குக் கடல் கிடையாது. அந்த ஊரின் பெருமை, கிராம்பும் பட்டையும் போட்டுச் செய்யும் ஒருவகைக் கேக். அந்தக் கிராம்பும் பட்டையும் எந்தத் திசையிலிருந்து வந்தனவோ அந்தத் திசைக்கே பையனும் கிளம்பிவிட்டான். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிவைத்தார். கூட ஹென்ரிச் புளுட்சோ என்ற இன்னொரு போதகர். 1705 நவம்பர் கடைசியில் கப்பலேறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து வந்து சேர்ந்தார்கள். வழக்கமாகச் சொல்லும் பிறந்த தேதி சரியென்றால், மறுநாள் அவருக்கு 24 வயது முடிகிறது.

தரங்கம்பாடி அப்போது டேனியக் கம்பெனியின் ஊர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். ஊருக்கு அதிகாரி ஹாசியஸ். அரசர் கையெழுத்திட்ட கடிதத்தோடு வந்த இரண்டு பேரையும் அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலிலேயே நிறுத்திவைத்தார். ஆடி பிறக்கப்போகிற வெயில், கறுப்பு அங்கி. கடைசியில் வெளியே வந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் நடந்தார், அங்கேயே இவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். இரக்கப்பட்ட ஒருவர் இருட்டுவதற்குள் தங்க இடம் காட்டாவிட்டால், அரசரின் தூதர்கள் தரங்கம்பாடித் தெருவிலேயே படுத்திருப்பார்கள்.

ஹாசியஸ் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. அரசர் ஒன்று சொன்னால், கோபன்ஹேகனில் இருந்த கம்பெனி முதலாளிகள் வேறொன்று சொன்னார்கள். இந்த இரண்டு பேரையும் வளரவிடாதே என்பது அவர்கள் சொன்னது. மிளகு வாங்கி விற்கிற ஊரில் மனந்திரும்பு, மனந்திரும்பு என்று ஒருவர் நின்றால் வியாபாரம் என்ன ஆவது? போதாததற்கு ஊரில் ஏற்கெனவே டேனியப் போதகர்கள் இருந்தார்கள். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம் அவர்களுடையது. ஒரு கோவிலில் இரண்டு பூசாரி என்றாலே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், இங்கே நான்கு. புதிதாக வந்தவர்களோ பக்தி அதிகம் பிடித்த கட்சி. சம்பளத்துக்கு ஞாயிற்றுக்கிழமையை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு, சும்மாவே ஜெபிக்கிறவர்களைக் கண்டால் பிடிக்குமா?

இந்த நிலையில் சீகன்பால்கு செய்த காரியம்தான் அவரை மற்ற மாற்றல் ஐயர்மாரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. அவர் போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார்.

ஊரில் அப்போது வெள்ளைக்காரரோடு பேசப் போர்ச்சுக்கீசியம் போதும். துறைமுகத்தில் எல்லாருக்கும் உடைந்த போர்ச்சுக்கீசியம் தெரியும். புளுட்சோ அந்தப் பக்கம் போனார். சீகன்பால்குவுக்குத் தமிழ்தான் வேண்டும். புத்தகம் இல்லை, இலக்கணம் இல்லை, அகராதி இல்லை. ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். 'ஐயா, உங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்' என்று ஏற்பாடு. கிழவர் பிள்ளைகளோடு வந்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுத்துப் பழகினார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் அரசரின் தூதரும் காலை மடக்கி உட்கார்ந்து மணலில் எழுதினார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர், கழுத்துவரை பொத்தான் போட்ட அங்கியோடு, ஏழெட்டு வயசுப் பொடியன்கள் நடுவில். 'அ' எழுதும்போது சுழி எந்தப் பக்கம் என்று பக்கத்துப் பையனின் மணலை எட்டிப் பார்த்திருக்கமாட்டாரா? எழுத்துக்கு வாத்தியார் இருந்தார், அர்த்தத்துக்கு யார்? கிழவருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. கம்பெனியில் முன்பு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அவருக்குப் போர்ச்சுக்கீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் ஓரளவு வரும். இத்தனை பேர் பாடுபட்டும் ழகரத்தில் அவர் எப்படி விழுந்து எழுந்தார் என்பது மட்டும் தெரியவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவர் எத்தனையோ விஷயத்தைக் கொட்டியிருக்கிறார். மனிதர் இதை மட்டும் விட்டுவிட்டிருந்தால் நாம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஒரு வருஷத்துக்குள் தமிழில் பேச வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் வைத்துக்கொண்ட அட்டவணையைப் பார்த்தால் இன்றைய நுழைவுத்தேர்வுப் பிள்ளைகளே பயந்துபோவார்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை முந்தின நாள் வார்த்தைகளை ஒப்பிப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏடு படிப்பது: ஒரு புலவர் விளக்கம் சொல்வார், ஒரு எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். மத்தியானம் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. மறுபடி ஏடு. இரவில் கண் கெட்டுவிடும் என்று தானே படிக்கமாட்டார். வேறொருவர் வாசிக்க, இவர் கேட்பார். ஜெர்மன், லத்தீன் புத்தகங்களைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

ஏடு வேட்டை தனிக்கதை. நூல் வைத்திருப்பவர்கள் கொடுக்கமாட்டார்கள். வெள்ளைக்காரப் பாதிரிக்கு ஏட்டை விற்றான் என்ற பேர் யாருக்கு வேண்டும்? இவர் தன் எழுத்தரை உள்நாட்டுக்கு அனுப்பி, கணவரை இழந்த பிராமணப் பெண்கள் வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த சுவடிகளை வாங்கிவரச் சொன்னார். பரணில் கிடந்தது காசாயிற்று. வந்து இரண்டே வருஷம் ஆன 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டார். குறள், தொல்காப்பியம் எல்லாம் அதில் உண்டு. அதே வருஷம் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். பத்துக் கட்டளையைச் சொல்லிக்கொடுக்கக் கப்பலேறிய ஆள், ஔவையாரின் கட்டளைகளைக் கப்பலேற்றினார்.

இதற்கிடையில் சபை வேலையும் நடந்தது. 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேர், டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அடிமைக்கும் எஜமானுக்கும் ஒரே கோவிலில் ஒரே கர்த்தர் என்றால் எஜமானுக்குச் சங்கடம்தானே. சீயோனில் இடநெருக்கடி, முகநெருக்கடி. இரண்டு ஐயர்களும் தங்கள் சம்பளத்தைப் போட்டுக் கடலோரத்தில் தனியாக ஒன்று கட்டி, ஆகஸ்ட் 14ஆம் தேதி பிரதிஷ்டை செய்து, எருசலேம் என்று பேர் வைத்தார்கள். பணத்துக்கு எப்போதும் திண்டாட்டம். ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய பணப்பெட்டி ஒன்று ஏழு கடல் தாண்டி பத்திரமாக வந்து, கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து தரங்கம்பாடி அலையில் போய்விட்டது. எங்கே வந்து கவிழ வேண்டுமோ அங்கே வந்து கவிழ்ந்தது.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தார். நவம்பரில் ஹாசியஸ் அவரைக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார். ஒரு விதவையின் பணத் தகராறில் ஐயர் வாயை வைத்ததுதான் உடனடிக் காரணம். இரண்டு வருஷத்து எரிச்சல் அடிக்காரணம். நான்கு மாதம் உள்ளே. எழுதப் பேனாவும் மையும் ஆரம்பத்தில் கொடுக்கவில்லை. அவரை அடக்க என்ன செய்ய வேண்டும் என்பது ஹாசியஸுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. பின்னால் எழுதுபொருள் கிடைத்ததும் உள்ளிருந்தே எழுத ஆரம்பித்துவிட்டார். இப்படிப்பட்டவரை உள்ளே வைத்தால் என்ன, வெளியே விட்டால் என்ன?

ஊரார் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது, அதையும் அவரே தேடிக்கொண்டார். 1712 வாக்கில் அவரும் உடன் ஊழியரும் தமிழர்களுக்குக் கேள்விகளை அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினார்கள். உங்கள் தெய்வம் எது, வைத்தியம் எப்படி, கல்யாணம் எப்படி, எங்கள் மார்க்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாகியிருக்கின்றன. தமிழனிடம் அபிப்பிராயம் கேட்டால் கொஞ்சமாகவா சொல்வான்? உங்கள் வேதம் நல்லதுதான், ஆனால் உங்கள் ஆட்கள் மாடு தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தம் இல்லை என்று மரியாதையாகவே எழுதிக் கொடுத்தார்கள். அதை மறைக்காமல் ஊருக்கு அனுப்பிய நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆண்டறிக்கை எழுதுகிற இன்றைய சபைச் செயலாளர் யாராக இருந்தாலும் இந்தப் பகுதியை விட்டிருப்பார்.

பிறகு அச்சகம். தமிழை முதலில் அச்சேற்றியவர் இவர்தான் என்று மேடையில் முழங்குவார்கள். இல்லை, 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. இவர் செய்தது, நின்றுபோயிருந்ததை மறுபடி ஓட்டியது. லண்டன் சங்கம் ஒன்று அச்சுப்பொறி அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், மீண்டு வந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் பொறி மட்டும் வந்து நின்றது. ஓட்ட ஆள்? கம்பெனிப் படையிலேயே அச்சுத்தொழில் தெரிந்த ஒரு சிப்பாய் அகப்பட்டான். ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் மாதிரி. அந்தக் கணக்கில் பைபிள் அடித்தால் தரங்கம்பாடியில் இருக்கும் காகிதம் முழுக்க மத்தேயுவுக்கே சரியாகிவிடும். சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் எங்கே கிடைத்தது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். காகிதத்துக்குப் பொறையாறு பக்கம் ஆலை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பேர் நின்றுவிட்டது.

1714இல் நற்செய்திகள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒரே கட்டாக வெளிவந்தன. ஐந்து நூல்கள் என்பதால் பேர் 'அஞ்சு வேத பொஸ்தகம்'. 'ஐந்து' இல்லை, 'அஞ்சு'. 'புத்தகம்' இல்லை, 'பொஸ்தகம்'. மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே அச்சில் ஏறிவிட்டது. வீரமாமுனிவர் பின்னால் தரங்கம்பாடித் தமிழைக் கிழி கிழி என்று கிழித்தார். தேம்பாவணி பாடினவருக்கு 'பொஸ்தகம்' பொறுக்காது. ஆனால் கடைத்தெருவில் கூடை வைத்திருந்தவளுக்கு எது புரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

நம் சாமிகளைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்து 1713இல் அவர் ஒரு பெரிய நூலே எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலதிகாரிகளுக்குத் தலை சுற்றியது. புறச்சமயத்தை வேரோடு பிடுங்க ஆள் அனுப்பினால், அவர் அதன் வேர், கிளை, இலை எல்லாம் படம் போட்டு அனுப்புகிறாரே! அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அது அச்சானது 1867இல், சென்னையில். அய்யனார், மாரியம்மன், பிடாரி எல்லாரும் ஜெர்மன் மொழியில் 154 வருஷம் காத்திருந்தார்கள். வாசலில் ஒரு பகல் நின்றவர் அதைப் பற்றிக் குறை சொல்லியிருக்கமாட்டார்.

ஒருமுறை ஐரோப்பா போய் 1716இல் மரியா டோரத்தேயாளோடு திரும்பினார். தரங்கம்பாடிக்கு ஒருவழியாக ஐயரம்மா வந்தார். 1718 அக்டோபரில் புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. முகப்பில் பிரெடெரிக் அரசரின் கிரீட முத்திரை. நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, அவர் இறந்தார். வயது 36. கட்டின கோவிலுக்குள்ளேயே பீடத்துக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். பழைய எருசலேமைக் கடல் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோவிலையும் பாதிக்கு மேல் அதுவே எடுத்துக்கொண்டது; அலைக்கு மத பேதமில்லை.

கோட்டை இப்போது அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு வாங்கினால் யாரையும் காக்கவைக்காமல் உள்ளே விடுகிறார்கள். சாயங்காலம் மூடும் நேரத்தில், நான்கு மாதமெல்லாம் வைத்துக்கொள்ளாமல், மறக்காமல் வெளியேயும் அனுப்பிவிடுகிறார்கள்.