குடலுக்கு வந்த யோகம்

1994-இல் லண்டனில் செயின்ட் ஜான் உணவகத்தைத் திறந்த ஃபெர்கஸ் ஹெண்டர்சனுக்கு டெல்டா நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அறுத்த ஆட்டில் எதையும் வீணாக்கக் கூடாது என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். அதற்குமுன் தஞ்சாவூர்ப் பக்கம் நடவு முடிந்த கையோடு குடல் குழம்பும் தலைக்கறியும் ரத்தப் பொரியலும் தின்றவர்கள், பாவம், வெறும் பசியில் தின்றார்கள். கொள்கை தெரியாது.

இப்போது கொள்கை வந்துவிட்டது. மஞ்சள் போட்டு, வெந்நீர் ஊற்றி, உள்பக்கம் புரட்டிச் சுரண்டி, ஏழு தண்ணீர் அலசும் அப்பாயியை விடுங்கள். அகலத் தட்டின் நடுவில் மூன்று துண்டு, மேலே ஒரு மல்லித் தழை, அது கலை. சோகை பிடித்த பெண்ணுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுப்பது பட்டிக்காட்டுத்தனம். ஈரலை உலர்த்திப் பொடியாக்கி மாத்திரைக் கூட்டில் அடைத்து விற்கிறார்களே, அது அறிவியல். மெல்லும் சிரமமும் மிச்சம்.

அமெரிக்கா இன்னும் ஒருபடி மேல். 1971 முதல் அங்கே மனிதர் தின்ன நுரையீரல் விற்கக் கூடாது. நுரையீரல் சேர்த்த ஸ்காட்லாந்து ஹாகிஸுக்கே அனுமதி இல்லை. நம் கறிக்கடையில் ஈரலோடு சேர்த்து நிறுத்துப் போடுகிறார்கள். என்ன துணிச்சல்!

கொள்கை பரவியதில் ஒரே ஒரு சிக்கல். குடல் விலை நடவாட்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் வீட்டில் ஞாயிறு மதியம் இப்போது பிராய்லர் கோழி. நெஞ்சுக்கறி மட்டும், எலும்பில்லாமல்.